சோலார் பிளாண்ட், பேட்டரி கன்டெய்னர் சத்தம் தூங்க விடவில்லையா? சேலம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீடு சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், டேனிஷ்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து 200 மீட்டர் தள்ளி ஒரு தனியார் சோலார் பிளாண்ட். பகலில் லேசான ரீங்காரம் இருந்தது, அதைப் பொறுத்துக்கொண்டோம். பிறகு அதே இடத்தில் பேட்டரி கன்டெய்னர்களை இறக்கினார்கள், அன்றிலிருந்து சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆரம்பிக்கும் இரைச்சல் நடுராத்திரி தாண்டியும் நிற்கவில்லை. கோடையில் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பவர் என் அப்பா. அந்த வருடம் சித்திரையிலேயே கட்டிலை உள்ளே எடுத்துவிட்டார், உள்ளேயும் தூக்கமில்லை.

தீர்வு கிடைக்க எங்களுக்குப் 14 மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் தவறான ஆளிடம், தவறான காகிதத்தோடு போய் நின்றதில் கழிந்தது. உங்களுக்கு அந்த ஏழெட்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

1. முதலில் எது சத்தம் போடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

சோலார் தகடு சத்தமே போடாது. அதனால் "சோலாரில் சத்தம் வருகிறது" என்று மனு எழுதினால், "தகடு எப்படிச் சத்தம் போடும்?" என்று கேட்டு முதல் நிமிடத்திலேயே உங்களை உட்கார வைத்துவிடுவார்கள். சத்தம் வரும் இடம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு.

டிரான்ஸ்பார்மர்: "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் முனகுவதுபோல ஒரே சீராக வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்பார்மரின் இரும்பு உள்ளகம் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் அதிர்வதால் முனகல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். மின் இணைப்பில் இருக்கும்வரை சூரியன் மறைந்தாலும் இது நிற்காது.

இன்வெர்ட்டர்: மெல்லிய கீச்சுக் குரல், அதோடு மின்விசிறி இரைச்சல். வெயில் ஏற ஏறக் கூடும், உச்சிவேளையில் அதிகம், பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும்.

பேட்டரி கன்டெய்னர்: பேட்டரியைக் குளிர்விக்கும் ஏசி, சில்லர், விசிறிகள்தான் இங்கே முக்கியம். பகலில் சேமித்த மின்சாரத்தைச் சாயங்காலம் தேவை கூடும்போது வெளியே விடுவார்கள், அதனால் ஊர் அடங்கும் நேரத்தில்தான் இது எழும்பும். வெக்கையான நாளில் விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும்.

இரவில் சத்தம் பெரிதாகக் கேட்பது உங்கள் மனப்பிரமை இல்லை. சுற்றிலும் மற்ற சத்தங்கள் அடங்கிவிடுவது ஒரு காரணம். இன்னொன்று, தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேல்காற்று சூடாகவும் இருக்கும்போது, மேலே போகவேண்டிய ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வருகிறது. மலையடிவாரத்தில் குளிர்காற்று இறங்கித் தேங்குவதால் நமக்கு இது இன்னும் அதிகம். "பகலில் வந்து பார்த்தோம், ஒன்றும் கேட்கவில்லையே" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

2. ஒரு நோட்டுப் போடுங்கள், இன்றைக்கே

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். 40 பக்க நோட்டு போதும். தேதி, ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், எந்த மாதிரிச் சத்தம், எந்த அறையில் கேட்டது, ஜன்னல் திறந்தா மூடியா, காற்று எந்தப் பக்கம், மழை உண்டா, யாருக்கு என்ன தொந்தரவு. தினமும் இரண்டு வரி. குறைந்தது மூன்று வாரம் விடாமல் எழுதுங்கள்.

மற்ற சத்தங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். எங்கள் ஊரில் ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதை பக்கத்திலேயே போகிறது, கூட்ஸ் வண்டி போனால் அதையும் குறித்தோம். தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் என்றால் விசைத்தறி ஓடும், ஆத்தூர், வாழப்பாடி பக்கம் என்றால் சேகோ ஆலை மோட்டார். ஆடி மாதம் என்றால் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி. "அது தறிச் சத்தம் சார்" என்று கம்பெனி சொல்லும்போது, தறி ஓடாத நாள், ரயில் போகாத நேரம் எது என்று உங்கள் நோட்டு பதில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் தேதி மிக முக்கியம். ஏன் என்று ஏழாவது படியில் சொல்கிறேன்.

3. நீங்களே அளந்து பாருங்கள்

நாங்கள் ஆன்லைனில் வாங்கிய டெசிபல் மீட்டர் 2,000 ரூபாய் சொச்சம். ஏழு வீடு சேர்ந்து வாங்கியதால் ஆளுக்கு 300 ரூபாய்கூட வரவில்லை. மொபைல் செயலியும் ஓரளவுக்கு உதவும், ஆனால் போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது, பின்னணி இரைச்சலைத் தானாகவே குறைத்துவிடும் போன்களும் உண்டு. இந்த அளவுகள் எதுவும் அதிகாரபூர்வ ஆதாரமாக நிற்காது. அதிகாரபூர்வமாக அளக்க எப்போது கூப்பிடவேண்டும், எங்கே நிற்கச் சொல்லவேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

அளக்கும்போது சுவரிலிருந்து தள்ளி, நெஞ்சுயரத்தில் பிடியுங்கள். காற்றடிக்கும்போது அளக்காதீர்கள். ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள், ஏனென்றால் சட்டம் பார்ப்பது அந்த நேரத்துச் சராசரியைத்தான், ஒரு நொடி எகிறிய எண்ணை அல்ல.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. மீட்டரில் 'ஏ', 'சி' என்று இரண்டு அளவுமுறை இருக்கும். சட்டம் கேட்பது 'ஏ'. ஆனால் 'ஏ' முறை அடிக்குரல் சத்தத்தைக் கழித்துவிட்டுத்தான் காட்டும், 100 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 19 டெசிபல் கழிந்துவிடும். டிரான்ஸ்பார்மர் முனகல் நெஞ்சை அழுத்தும்போது மீட்டரில் சின்ன எண் தெரிவது இதனால்தான். இரண்டு முறையிலும் அளந்து எழுதுங்கள். 'சி' எண் 'ஏ' எண்ணைவிட 20-க்கு மேல் அதிகமாக இருந்தால் அடிக்குரல் சத்தம் அதிகம் என்று பொருள், அதை மனுவில் தனி வரியாகச் சொல்லுங்கள்.

பின்னணிச் சத்தம் எவ்வளவு என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. வெளி மின்சாரம் நின்றால் கிரிட்டோடு இணைந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், அது பாதுகாப்பு ஏற்பாடு. உங்கள் ஊரும் பிளாண்டும் ஒரே துணை மின்நிலையத்தில் இருந்தால், மின்தடைக்கு முன்னும் மின்தடையின்போதும் ஒரே இடத்தில் நின்று அளங்கள். ஊர் மோட்டார்களும் அப்போது நின்றிருக்கும் என்பதை நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் திடீரென்று கரண்ட் போனால் இன்னும் நல்லது, மீட்டரைத் தலைமாட்டிலேயே வைத்திருங்கள்.

4. சட்டம் சொல்லும் எண்களை மனப்பாடம் செய்யுங்கள்

ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. குடியிருப்புப் பகுதியில் பகல் 55 டெசிபல், இரவு 45. வணிகப் பகுதி 65, 55. தொழிற்பகுதி 75, 70. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையான அமைதிப் பகுதியில் 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை, மற்றது இரவு.

7-வது விதிப்படி புகார் கொடுக்க, அளவு வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடியிருக்க வேண்டும். அதாவது குடியிருப்பில் இரவு 55. எங்கள் வீட்டு வாசலில் வந்தது 49, 50. முதல் மனுவில் 7-வது விதியை மட்டும் எழுதியிருந்தோம், ஓர் அலுவலகத்தில் இந்த ஒரு காரணத்தைச் சொல்லியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் போனது. 8-வது விதி வேறு: ஓர் இடத்தில் நடக்கும் தொழில் அல்லது இயக்கத்தால் வரும் சத்தம் பொதுமக்களுக்குத் தொந்தரவு, அசௌகரியம், தீங்கு தருகிறது என்று தகவல் வந்தால், அதைத் தடுக்கவோ ஒழுங்குபடுத்தவோ அதிகாரி எழுத்துப்பூர்வமாக உத்தரவிடலாம். மனுவில் இரண்டு விதியையும் எழுதுங்கள்.

பிளாண்ட் இருப்பதால் இது தொழிற்பகுதி, 70 வரை போகலாம் என்று கம்பெனிக்காரர் சொல்லக்கூடும். எந்தப் பகுதி எந்த வகை என்று பிரிப்பது அரசின் வேலை, கம்பெனியின் வேலை அல்ல. உங்கள் நத்தம் பட்டா, வீட்டு வரி ரசீது, சுற்றியுள்ள வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து இது குடியிருப்பு என்று நிறுவுங்கள்.

சோலார் மின் உற்பத்தியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-இல் வெள்ளை வகையில், அதாவது மாசு மிகக் குறைந்த தொழில்களின் பட்டியலில், வைத்தது. அந்த வகைக்கு வாரியத்தின் இயக்க இசைவு தேவையில்லை, தகவல் தெரிவித்தால் போதும். இதைக் காட்டி "எங்களுக்கு எந்த விதியும் கிடையாது" என்பார்கள். இசைவு வேண்டாம் என்பது வேறு, ஒலி வரம்பை மீறலாம் என்பது வேறு. ஒலி விதிகள் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986-இன் கீழ் வந்தவை, எல்லோருக்கும் பொது.

5. காகிதங்களைச் சேருங்கள்

- நோட்டின் ஜெராக்ஸ், மீட்டர் அளவுகள், மீட்டர் காட்டும் அளவு தெரியும்படி வீடியோ
- உங்கள் வீடு, பிளாண்ட் இரண்டின் சர்வே எண்ணும் புலப்பட நகலும் (பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் தமிழக அரசின் நிலப்பதிவு இ-சேவை இணையதளத்தில் கிடைக்கும்)
- தூரத்தைக் குறித்த கையால் வரைந்த படம்
- தூக்கமின்மைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருத்துவரிடம் போயிருந்தால் அந்தச் சீட்டு. இல்லையென்றால் விட்டுவிடுங்கள், இல்லாத நோயை எழுதாதீர்கள்.
- பாதிக்கப்பட்ட வீடுகளின் கையெழுத்து, கதவு எண்ணோடு

பிளாண்ட் பற்றிய விவரம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. ஊராட்சியிடம் கட்டட அனுமதியும் தீர்மான நகலும், மின்வாரியத்திடம் இணைப்புத் தேதியும் திறனும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அந்த நிறுவனம் கொடுத்த தகவல் கடிதமும் கேளுங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன ஆவணத்தின் நகல்" என்று கேளுங்கள். பேட்டரி எந்தத் தேதியில் சேர்ந்தது என்பது எங்களுக்கு இப்படித்தான் கிடைத்தது, எங்கள் நோட்டின் முதல் தேதியோடு அது ஒத்துப்போனது.

6. யாரிடம் போவது, எந்த வரிசையில்

முதலில் பிளாண்டின் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம், ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு. 15 நாள் கொடுங்கள். கேட்டில் நிற்கும் வாட்ச்மேனிடம் சண்டை போடாதீர்கள். பெரும்பாலும் அவர் நம் ஊர்க்காரர்தான், அவருக்கும் அந்தச் சத்தத்தில்தான் இராத்திரி டியூட்டி. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவர்களையும் எதிரியாக்க வேண்டாம். எங்கள் மனுவில் ஆறாவது கையெழுத்து நிலம் கொடுத்தவருடையது, அதற்கு மற்ற எல்லாக் கையெழுத்தையும்விட மதிப்பிருந்தது.

பதில் இல்லையென்றால், திங்கட்கிழமை சேலம் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு. இரண்டு நகல் கொண்டுபோங்கள், ஒன்றில் எண் வாங்குங்கள், எண் இல்லாமல் திரும்ப வராதீர்கள். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது இந்தக் கூட்டம் நடக்காது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீணாகக்கூடாது. நேரில் போக முடியாதவர்கள் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதிவு செய்யலாம், ஆனால் இணைப்புகளோடு கொடுத்த காகித மனுவுக்கு வரும் கவனம் வேறு என்பது என் அனுபவம்.

அதே மனுவின் நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சேலம் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு. அதில் ஒரு வரி கட்டாயம்: "ஆய்வை இரவு 10 மணிக்கு மேல், பேட்டரி இயங்கும் நேரத்தில் செய்ய வேண்டுகிறோம்." இதை எழுதாவிட்டால் ஆய்வு பகலில் நடந்து முடிந்துவிடலாம், பகல் வரம்பு 55 என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்துவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

கிராம சபையிலும் தீர்மானம் வாங்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் தீர்மானத்துக்கான பொருளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவையுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர், போக்குவரத்து அலுவலர் அல்ல) பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவின் கீழ் மனு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவுதான் இப்போது 152. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி அவர் நிபந்தனை உத்தரவு போடலாம். எங்கள் விஷயத்தில் இந்த மனு எண்ணாகி, கம்பெனிக்கு நோட்டீஸ் போன பிறகுதான் ஒரு இன்ஜினீயர் முதல்முறையாக எங்கள் வாசலுக்கு வந்தார், அதுவும் இரவு பதினொரு மணிக்கு, நாங்கள் கேட்டபடியே.

7. பசுமைத் தீர்ப்பாயம்: நாள்கணக்கைத் தவறவிடாதீர்கள்

சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போகவேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். "முதலில் எழுந்த நாள்" என்பதால்தான் நோட்டின் முதல் பக்கம் முக்கியம். மற்ற அலுவலகங்களில் மனு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது. எங்களுக்கு இது தெரிந்தபோது ஏழாவது மாதம் முடியப்போகிறது. நல்லவேளையாக ஆர்.டி.ஓ. மனுவிலேயே காரியம் நகர்ந்தது, உங்களுக்கும் அப்படி நகரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். நாலாவது மாதம் முடிவதற்குள் வக்கீலைப் பாருங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. அதனால் மனுதாரராக வீட்டுப் பெண்களின் பெயரையும் சேருங்கள்.

இந்தக் கட்டத்தில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை தேவைப்படும். இரவு முழுவதும் அளக்க எவ்வளவு, போக்குவரத்து உட்படவா, அடிக்குரல் அலைவரிசைகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தருவார்களா என்று இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

8. "மூடு" என்று கேட்காதீர்கள், இன்னதைச் செய் என்று கேளுங்கள்

சோலார் வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. மின்சாரம் நமக்கும்தான். பிளாண்டை மூடச் சொன்னால் எல்லா அதிகாரியும் பின்வாங்குவார்கள், கம்பெனி வக்கீலோடு வரும். கீழே உள்ளதைக் கேட்டால் பேச்சு நடக்கும்.

விசிறியின் வெளிக்காற்று வாயை ஊருக்கு எதிர்ப்பக்கம் திருப்புதல். விசிறி வாயில் ஒலி தணிக்கும் தடுப்பு மாட்டுதல். இரவில் வெப்பம் குறைந்ததும் விசிறி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு. டிரான்ஸ்பார்மருக்கு அடியில் அதிர்வு தாங்கும் பட்டைகள். ஒலித் தடுப்புச் சுவர்: உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் கருவி கண்ணுக்குத் தெரியாத உயரம் வேண்டும், கனமான பொருளாக இருக்கவேண்டும், இடையில் ஓட்டை கூடாது, கருவிக்குப் பக்கத்தில் கட்டவேண்டும். முடிந்தால் கருவியைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், சின்னக் கருவி ஒன்றிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும்.

"மரம் நட்டுத் தருகிறோம்" என்பார்கள். நடட்டும், மகிழ்ச்சி. ஆனால் வேலியோரம் ஒரு வரிசை மரம் இந்தச் சத்தத்தைக் குறைக்காது. அதைத் தீர்வு என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கோயிலுக்கு நன்கொடை, குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் என்று ஏதாவது தந்து, கூடவே "இனி ஆட்சேபணை இல்லை" என்ற காகிதம் வந்தால் அதுவும் அப்படியே. எதில் கையெழுத்துப் போட்டாலும், இரவில் வீட்டு வாசலில் இத்தனை டெசிபலுக்குள் இருக்கும், இந்தத் தேதிக்குள் முடியும் என்ற இரண்டு எண்ணும் அதில் இருக்கவேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது விசிறி வாய்த் தடுப்பு, இரவு வேகக் குறைப்பு, இரண்டு பக்கம் சுவர். 50-க்குப் பக்கத்தில் இருந்தது 43, 44-க்கு வந்தது.

9. வேலை முடிந்த பிறகு மறுபடி அளங்கள்

எந்த இடத்தில், எந்த நேரத்தில் முதலில் அளந்தீர்களோ அதே இடம், அதே நேரம். மார்கழிக் குளிரில் அளந்து சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அப்போது விசிறி மெதுவாகத்தான் சுற்றும். ஏப்ரல், மே மாதத்தில் ஒரு வாரம், இரவு ஏழிலிருந்து பதினொன்று வரை அளந்து, அந்த எண்களைப் பார்த்த பிறகு மனுவை முடித்துக்கொள்ளச் சம்மதியுங்கள். நாங்கள் மே மூன்றாம் வாரம் அளந்து முடித்து, அதற்கடுத்த திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டோம். அப்பாவின் கட்டில் இப்போது வாசலில்தான் கிடக்கிறது.